வாரம் ஒரு நூல்: இலவசத் தமிழ் மின்னூலகங்களில் எதற்கு எங்கே போவது

எந்த மின்னூலகத்தைத் திறந்தாலும் முகப்பில் முதலில் பெருமையாகச் சொல்லப்படுவது நூல்களின் எண்ணிக்கைதான். வாரத்துக்கு ஒரு நூலாவது முடித்துவிட வேண்டும் என்று இருப்பவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. அவர் முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே இருப்பது எழுத்தா, படமா என்பதை. எழுத்தாக இருந்தால் பேருந்தில் நின்றுகொண்டே கைபேசியில் படிக்கலாம், அளவைக் கூட்டலாம், ஒரு சொல்லைத் தேடலாம். தாளைப் படம்பிடித்துக் கட்டிவைத்த பிடிஎஃப் என்றால் மேசையும் பெரிய திரையும் வேண்டும். ஆறு அங்குல வாசிப்புக் கருவியில் அதைத் திறந்தால் நான்கைந்து பக்கத்திலேயே கண் கடுத்துவிடும். பணம் கேட்காத ஆறு தளங்களை இந்த அளவுகோலை வைத்தே இங்கே எடைபோடுகிறோம்.

வாசிப்பதற்கு முதல் இடம் மதுரைத் திட்டத்துக்குத்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி இது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்து கு. கல்யாணசுந்தரம் வழிநடத்த, பல நாட்டுத் தமிழர்கள் தட்டச்சு செய்தும் பிழை பார்த்தும் சேர்த்தவை இந்நூல்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. எண் 1 திருக்குறள். ஒருங்குறியில் (யூனிகோடு) எச்டிஎம்எல் கோப்பும், அதாவது வலைப்பக்கக் கோப்பும், பிடிஎஃப்பும் கிடைக்கும். இரண்டில் எச்டிஎம்எல்லையே எடுங்கள். பிடிஎஃப்பில் பக்க அளவு இறுகிப்போயிருக்கும். எச்டிஎம்எல் எந்தத் திரைக்கும் வளைந்து கொடுக்கும்.

கோப்பின் தலையில் ஆங்கிலத்தில் ஒரு நன்றியுரை இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நூலின் தரம் அதிலேயே எழுதியிருக்கிறது. யார் தட்டச்சு செய்தார், யார் பிழை திருத்தினார், மூலப்படி எங்கிருந்து வந்தது என்ற விவரம் அங்கே வரும். கையால் தட்டச்சு செய்தது என்றால் பிழைகள் தட்டச்சுப் பிழைகளாகவே இருக்கும்: ஒரு வரி விடுபட்டிருக்கலாம், ஒற்று குறைந்திருக்கலாம். கூகுள் எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள், ஓசிஆர்) கொண்டு உருவாக்கியது என்று இருந்தால் பிழையின் சுபாவமே வேறு: ‘ா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ நிற்கும், மேற்கோள் குறி காணாமல் போகும், பக்கத் தலைப்பு வாக்கியத்தின் நடுவே வந்து உட்காரும். முன்கூட்டியே தெரிந்தால் தடுக்கி நிற்காமல் படித்துப் போகலாம். அந்தத் தலைப்புப் பகுதியை நீக்காமல் வைத்திருந்தால் கோப்பை யாருக்கும் பகிரலாம் என்பதே திட்டத்தின் நிபந்தனை. அடுத்தவருக்கு அனுப்பும்போது அதை வெட்டிவிடாதீர்கள்.

எச்டிஎம்எல்லை வாசிப்புக் கருவிக்கு ஏற்றுவது ஐந்து நிமிட வேலை. உலாவியில் பக்கத்தைச் சேமிக்கும்போது ‘எச்டிஎம்எல் மட்டும்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். மின்னூல்களின் வடிவை மாற்றித் தரும் காலிபர் என்ற இலவச மென்பொருளைத் திறந்து கோப்பை அதன்மேல் இழுத்துப் போடுங்கள். நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் தமிழிலேயே திருத்துங்கள். இதை விட்டுவிட்டால் கருவியில் இருபது கோப்புகள் ஒரே மாதிரியான எண்களோடு நிற்கும், எது எதுவென்று தெரியாது. பிறகு வாசிப்புக் கருவிகளுக்கான இபப் என்ற மின்னூல் வடிவுக்கு மாற்றுங்கள். கிண்டில் வைத்திருப்பவர்கள் அந்த இபப்பை அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை வழியாக அனுப்பினால் போதும். பழைய மோபி வடிவை அந்த வழி இப்போது ஏற்பதில்லை. பழைய குறிப்புகளைப் பார்த்து மோபியாக மாற்றி அனுப்புகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் இரண்டு சிக்கல்கள் வரும். அத்தியாயத் தலைப்புகள் முறையான தலைப்பாகக் குறிக்கப்படாமல் வெறும் தடித்த எழுத்தாக இருந்தால் பொருளடக்கம் உருவாகாது. முந்நூறு பக்க நாவலில் இது பெரிய இம்சை. காலிபரில் பொருளடக்கத்தைத் திருத்தும் கருவி இருக்கிறது. அதில் அத்தியாயம் தொடங்கும் இடங்களைக் கையாலேயே சுட்டிவிடலாம். நாற்பது அத்தியாயம் என்றால் கால் மணி நேரம் பிடிக்கும், ஆனால் வாரம் முழுக்க நிம்மதி. இரண்டாவது, செய்யுள் நூல்கள். வலது ஓரத்தில் 5, 10, 15 என்று நிற்கும் அடி எண்கள் சிறிய திரையில் மடிந்து அடுத்த வரிக்கு இறங்கிவிடும். ஆசிரியப்பாவின் அடி எங்கே முடிகிறது என்றே தெரியாது. எழுத்தளவை ஒரு படி குறைத்துக் கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெருநூல்கள் பகுதி பகுதியாகத் தனிக் கோப்புகளில் கிடைக்கும். அவற்றை ஒன்றாக்கக் காலிபரிலேயே ‘இபப்மெர்ஜ்’ என்ற செருகுநிரல் உண்டு.

அடுத்தது விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான தமிழ் விக்கிமூலம். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகப் பெருமளவில் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் கட்டுரை, வாழ்க்கை வரலாறு, ஆய்வு, பயணநூல் என்று உரைநடை வேண்டுபவர்கள் மதுரைத் திட்டத்துக்குப் பிறகு தேட வேண்டிய இடம் இதுதான். ஆனால் தலைப்பைப் பார்த்ததும் பதிவிறக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு நூலுக்கும் ‘அட்டவணை’ என்று ஒரு பக்கம் உண்டு. அதில் எல்லாப் பக்க எண்களும் நிறத்தோடு அடுக்கப்பட்டிருக்கும். சிவப்பு என்றால் எழுத்துணரி தந்ததை இன்னும் யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் என்றால் ஒருவர் மெய்ப்புப் பார்த்திருக்கிறார். பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்திருக்கிறார். ஊதா என்றால் சிக்கல் இருக்கிறது. சாம்பல், வெற்றுப் பக்கம். பெரும்பகுதி மஞ்சளும் பச்சையுமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். எல்லாம் சிவப்பு என்றால் அந்த நூலை அங்கே எழுத்தாகப் படிக்க முயலாதீர்கள். மூலப் பிடிஎஃப்பையே படிப்பது மேல்.

பதிவிறக்கும்போது இபப்பையே தேர்ந்தெடுங்கள். படிக்கும்போது ஒரு சொல் ஐயமாக இருந்தால் இணையப் பதிப்பின் ஓரத்தில் உள்ள பக்க எண்ணைத் தட்டுங்கள். அச்சுப் பக்கத்தின் படமும் எழுத்தும் அருகருகே திறக்கும். இந்த ஒரு வசதி வேறெங்கும் இவ்வளவு எளிதாக இல்லை. மேற்கோள் எடுத்து எழுதுபவர்களுக்கு இது பெரிய வரம். பிழையைக் கண்டால் அங்கேயே திருத்தவும் செய்யலாம், கணக்குகூட வேண்டியதில்லை.

ஃப்ரீதமிழ்இபுக்ஸ் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2013 முதல் இயங்குகிறது. படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் ஆசிரியர்களே தரும் நூல்கள். இபப், ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குலப் பிடிஎஃப் என்று தயாராகவே இருக்கும். ஒரு தட்டு, படிக்கத் தொடங்கிவிடலாம். வலைப்பதிவுகளிலிருந்து தொகுத்தவை மிகுதி. ஆகவே தரம் நூலுக்கு நூல் ஏறி இறங்கும்: சிலவற்றில் செப்பமான உரைநடை, சிலவற்றில் பதிவுகளை அப்படியே ஒட்டிவைத்த தோற்றம். முதல் அத்தியாயத்தையும் நடுவில் ஓர் அத்தியாயத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கணினி, கட்டற்ற மென்பொருள், சமையல், பயணக் குறிப்பு போன்றவற்றில் அச்சில் கிடைக்காத நல்ல சரக்கு சில இங்கே உண்டு.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் 2017 இல் வந்தது. அரிய பழைய பதிப்புகள், பருவ இதழ்கள், சுவடிகள் என்று சேகரிப்பின் ஆழத்தில் தமிழ்நாட்டில் இதற்கு இணை சொல்வது கடினம். ஆனால் இங்கே கிடைப்பது படம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்புப் பக்கத்தை அப்படியே பார்க்கும் சுகம் வேறு, அந்த நூலை ஒரு வாரத்தில் படித்து முடிப்பது வேறு. இரண்டாவதற்குக் கொஞ்சம் தச்சுவேலை வேண்டும்.

முதலில் நூலின் தாளளவைப் பாருங்கள். பழைய தமிழ் நூல்களில் மிகுதியானவை கிரவுன் 1/8 அளவு, ஏறத்தாழ 12.5 செ.மீ. அகலம். இருபக்க ஓரத்தையும் வெட்டினால் எழுத்துப் பகுதி 9, 9.5 செ.மீ. தான் மிஞ்சும். ஆறு அங்குலத் திரையின் அகலம் 9 செ.மீ., ஏழு அங்குலத் திரையின் அகலம் 10.7 செ.மீ. அதாவது ஓரத்தை வெட்டிவிட்டால் கிரவுன் நூல் ஏறக்குறைய அச்சு அளவிலேயே திரையில் உட்கார்ந்துவிடும். டெம்மி 1/8 நூல் 14 செ.மீ. அகலம், அது உட்காராது, கருவியைக் கிடைமட்டமாக வைத்து அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் படிக்க வேண்டியதுதான். ஓரம் வெட்ட ‘பிரிஸ்’ என்ற சிறிய இலவச மென்பொருள் போதும். எல்லாப் பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும்; ஒற்றைப் பக்கங்களுக்கும் இரட்டைப் பக்கங்களுக்கும் தனித்தனிக் கட்டம். இரண்டுக்கும் ஒரே கட்டத்தைப் போட்டால் தையல் பக்கம் எழுத்து வெட்டுப்படும், ஏனென்றால் ஸ்கேன் செய்யும்போது இடது பக்கமும் வலது பக்கமும் எதிரெதிர்த் திசையில் தள்ளி நிற்கும். ஒரே படத்தில் இரண்டு பக்கம் விரித்துப் பிடிக்கப்பட்டிருந்தால் முதலில் நடுவில் பிளக்க வேண்டும்.

இன்னும் பெரிய எழுத்து வேண்டும் என்றால் ‘கே2பிடிஎஃப்ஆப்ட்’ இருக்கிறது. அது எழுத்தை அடையாளம் காண்பதில்லை. சொற்களைப் படத்துண்டுகளாக வெட்டிக் குறுகிய வரிகளாக மறுபடி அடுக்குகிறது. அதனால் மொழி எதுவானாலும் வேலை செய்யும். பழைய யானைத் தும்பிக்கை ‘லை’, ‘னை’ எல்லாம் அப்படியே வரும். உரைநடைக்கு அருமை. செய்யுளை மட்டும் இதில் போடாதீர்கள், அடிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடும். பக்கம் சாய்ந்து ஸ்கேன் ஆகியிருந்தாலும் வரிகள் குழம்பும். முதலில் சாய்வை நிமிர்த்திக்கொள்ளுங்கள். அனுப்பும்போது கோப்பளவையும் கவனியுங்கள்: ‘சென்ட் டு கிண்டில்’ மின்னஞ்சல் வழி 50 எம்பி வரையும், இணையப் பக்கத்தின் வழி 200 எம்பி வரையும் ஏற்கும். வண்ண ஸ்கேனைச் சாம்பல் நிறமாக்கினாலே அளவு நன்றாகக் குறையும்.

புதிய நூலைக் கண்டடைவது என்று வந்தால் எல்லாவற்றையும் விட ஒரு படி மேலே நிற்பது ஈழத்து ‘நூலகம்’ தளம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்து போன ஒரு சமூகம் ஆவணத்தின் அருமையை உணர்ந்து கட்டியது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். 2005 இல் தொடங்கிய இத்தளத்தில் நூல், இதழ், பத்திரிகை, பிரசுரம், நினைவு மலர் எல்லாம் எண்ணிட்டு வைக்கப்பட்டுள்ளன. விக்கி அமைப்பில் இயங்குவதால் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனிப்பக்கம். ‘வாசிக்க’ என்ற தலைப்பின்கீழ் பிடிஎஃப், அதன் எம்பி அளவோடு. இதழ்களின் பக்கங்கள் பலவற்றில் அதற்கும் கீழே ‘உள்ளடக்கம்’ இருக்கும். அந்த இதழில் வந்த கதை, கட்டுரை, கவிதை ஒவ்வொன்றின் தலைப்பும் எழுதியவர் பெயரும் எழுத்தாகவே தட்டச்சு செய்யப்பட்டிருக்கும்.

இதன் பயன் பெரிது. ஓர் எழுத்தாளரின் பெயரைத் தேடினால் அவருடைய நூல்களோடு நின்றுவிடாமல், நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழில் எழுதிய மதிப்புரை வரை வந்து நிற்கும். அந்த மதிப்புரை வேறொரு நூலைக் காட்டும், அங்கிருந்து இன்னொருவர். வார இறுதியில் ஒரு மணி நேரம் இப்படித் தேடினால் ஒரு மாதத்துக்குப் படிக்க வேண்டியவை சேர்ந்துவிடும். இதழ்களைத் தேடும்போது பெயர், ஆண்டு, புள்ளி, மாதம் என்ற வரிசையில் கொடுங்கள்: ‘மல்லிகை 1972.05’ என்பது போல. மாதப் பெயரைத் தமிழில் கொடுத்தால் சிக்காது. சில ஆவணங்களில் பிடிஎஃப்புக்குப் பக்கத்தில் ‘எழுத்துணரியாக்கம்’ என்று இன்னோர் இணைப்பும் இருக்கும். அது திருத்தப்படாத எழுத்து. இரண்டு பத்தியில் அச்சான இதழ் என்றால் இடது பத்தி வரியும் வலது பத்தி வரியும் பின்னிக்கொண்டு வரலாம். தேடுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், படிக்கப் பிடிஎஃப்புக்குப் போங்கள்.

யாழ்ப்பாணத்தில் ‘கல்வெட்டு’ என்றும் சொல்லப்படும் நினைவு மலர்களை இரங்கல் பிரசுரம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஊர் வரலாறு, கோயில் பதிகம், வம்சாவளி, பள்ளிக்கூடங்களின் கதை என்று வேறெங்கும் அச்சேறாதவை அவற்றில் கிடக்கின்றன.

இன்டர்நெட் ஆர்க்கைவ் (archive.org) தளம் கடைசிப் புகலிடம். இந்திய மின்னூலகத் திட்டத்தில் ஸ்கேன் செய்யப்பட்டவை ஏராளமாக அங்கே ஏற்றப்பட்டுள்ளன. ஆனால் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில், ஒருவர் எழுதியது போல் இன்னொருவர் எழுதாமல் பதிவாகியிருக்கும். தமிழில் தேடி வரவில்லை என்று விட்டுவிடாமல் ழகரத்துக்கு மூன்று விதமும், நெடிலுக்கு இரண்டு விதமும் போட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளையாகச் சுருக்கிய ஸ்கேன்களில் புள்ளி தொலைந்து போயிருப்பது சகஜம்; மெய்யா உயிர்மெய்யா என்று சூழலை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

எந்தத் தளமானாலும் தேடல் பொய் சொல்லும் இடங்கள் சில உண்டு. ‘ஔ’ ஓரெழுத்து, பலர் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்து ‘ஒள’ என்று தட்டுகிறார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடலில் இரண்டும் வேறு. ‘கௌ’, ‘சௌ’ வரிசைக்கும் இதே கதைதான். ஆகவே ஔவையைத் தேடினால் இரண்டு முறை தேடுங்கள். வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் கடைசி மாறிவிடும்: ‘புறநானூறு’ என்று தேடினால் ‘புறநானூற்றில்’ வராது, ‘புறநானூ’ என்று நிறுத்தித் தேடுங்கள். முன்னெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவதும் விடாததும் கூடத் தேடலைக் கெடுக்கும் என்பதால், ஆசிரியர் பெயரில் முன்னெழுத்தை விட்டுவிட்டுத் தேடுவதே நல்லது.

பிடிஎஃப்பில் எழுத்து தெளிவாக இருக்கிறது, ஆனால் எந்தச் சொல்லைத் தேடினாலும் ‘இல்லை’ என்கிறதா? ஒரு வரியை நகலெடுத்துக் குறிப்புச் செயலியில் ஒட்டுங்கள். எதுவும் தேர்வாகவில்லை என்றால் அது படம். குப்பை எழுத்தாக விழுந்தால் அது டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் செய்த கோப்பு. என்எச்எம் மாற்றியிலோ சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ போட்டால் ஒருங்குறியாகிவிடும். எந்தக் குறியாக்கம் என்று தெரியாவிட்டால் இரண்டு வரியை மட்டும் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு முழு நூலையும் மாற்றுங்கள். படக்கோப்பை எழுத்துணரியில் போடுவதானால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சா என்று பாருங்கள். அப்போது வடிவம் மாறிய 13 எழுத்துகளும் வரும் இடங்களில் தவறு குவியும். ‘லை’யும் ‘னை’யும் ‘ணா’வும் இல்லாமல் தமிழில் எத்தனை வரி எழுத முடியும்?

பழைய நூலுக்கு அகராதி பக்கத்திலேயே வேண்டும். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசம். தமிழ் எழுத்திலேயே தேடலாம். வினைச்சொற்களுக்கு ‘-தல்’, ‘-த்தல்’ ஈற்றோடுதான் தலைச்சொல் இருக்கும், ‘வந்தான்’ என்று கொடுத்தால் ஒன்றும் வராது.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1965 இல் மறைந்தவரின் நூல்கள் 2026 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாயின. இலங்கையில் அது 70 ஆண்டுகள். மொழிபெயர்ப்பாளருக்கும் உரையாசிரியருக்கும் தனி உரிமை இருப்பதால், மூலம் பொதுவுடைமை என்பதற்காக நேற்று வந்த உரையையும் யாரோ ஏற்றிவைத்த கோப்பாக எடுத்துக்கொள்வது முறையல்ல. விலை கொடுத்து வாங்குங்கள்.

ஸ்கேன் நூல் ஒன்றைத் தொடங்கும் முன், பக்கம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்கேன் செய்பவர் இரண்டு தாளை ஒன்றாகப் புரட்டிவிட்டால் எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்கள் போய்விடும்; எனவே காணாமல் போவது எப்போதும் 46, 47 என்பது போல இரட்டை எண்ணில் தொடங்கும் சோடிதான். அச்சிட்ட கடைசிப் பக்க எண்ணையும் கோப்பின் பக்க எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். முன்பக்கங்கள் எத்தனை என்று கழித்த பிறகும் வித்தியாசம் இரண்டிரண்டாக உதைத்தால், அதே நூலை இன்னொரு தளத்தில் தேடி விட்ட பக்கத்தை மட்டும் அங்கே படிக்கலாம். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், அதனால் அத்தியாயத் தலைப்பையும் விடுபட்ட இடத்துக்கு முந்திய வாக்கியத்தையும் குறித்துவைத்துக்கொண்டு தேடுங்கள்.